பருப்பு வேகாத தண்ணீரில் ஒரு தோட்டம்

2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலை ஊத்தங்கரையின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் ஓடியது. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் எங்கள் ஊரின்மேல் நின்று கொட்டியதில் 24 மணி நேரத்துக்குள் 50 சென்டிமீட்டர் மழை. நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போன காட்சியைப் பலரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். மழை விட்டு நான்காம் நாள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான் பார்த்தது அவ்வளவு பெரிய காட்சி இல்லை. எட்டு வருஷத்துக் கறிவேப்பிலை மரம். அதைச் சுற்றிக் கணுக்கால் அளவுத் தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றது. அந்தத் தண்ணீருக்குள் நின்றபடியே மரம் வாடியிருந்தது. சித்திரை வெயிலில் நாலு நாள் தண்ணீர் காணாத செடி எப்படித் தொங்குமோ, அப்படித் தொங்கியது ஒவ்வொரு கொத்தும்.

பக்கத்துவீட்டுப் பெரியம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு தண்ணியில நின்னுக்கிட்டு இப்படி வாடுதே பெரியம்மா?"

"தாகத்துல வாடல கண்ணு, அதுக்கு மூச்சு முட்டுது. மொதல்ல ஒரு வாய்க்கா கிழிச்சு தண்ணிய வெளிய விடு."

மண்வெட்டி எடுத்து வாய்க்கால் கிழித்தேன். மூச்சு என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதன்பின் செடிகளைக் கவனித்ததில் எனக்கு உறுதியான ஒன்று உண்டு. செடிக்குச் சோறு போடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். செடி தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்கிறது. அதன் அடுப்படிக்கு வெளிச்சமும் காற்றும் வருகிறதா, தண்ணீர் வடிகிறதா, வருகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்வதுதான் வளர்க்கிறவர் வேலை. வீட்டுத் தோட்டங்களில் சாகிற செடிகளில் பெரும்பாலானவை பட்டினியால் சாவதில்லை. அடுப்படி கெட்டுச் சாகின்றன.

உலை கொதிப்பது இலையில்

பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் ஒரு தொட்டியில் 90 கிலோ காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டார். இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை அதில் நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வளர்ந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தபோது அதில் குறைந்திருந்தது சுமார் 57 கிராம். அவர் இறந்தபின் 1648-இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மீதிப் பாதி காற்று. அதற்கு வெயிலும் வேண்டும் என்று 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டினார்.

நம் அடுப்படிக் கணக்கில் சொன்னால், காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்கு அளவுக்கே இருக்கும் கரியமில வாயுதான் அரிசி. வேர் ஏற்றி அனுப்புகிற தண்ணீர் உலைநீர். இலையின் பச்சையம் பானை. வெயில் அடுப்பு. செடியின் உலர்ந்த எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இப்படிக் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பொங்கியதுதான். உரக்கடையில் மூட்டை மூட்டையாக நாம் வாங்கி வருவதெல்லாம் அந்தச் சோற்றுக்கு உப்பு, புளி, மிளகாய். உப்பில்லாமல் சோறு இறங்காது, சரி. அதற்காக உப்பையே தட்டில் அள்ளிவைத்தால்?

அதனால் வாடிய செடிக்கு முன்னால் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன உரம் போடலாம்?" என்பதில்லை. "இந்தச் செடிக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு எரிகிறது?" என்பது. ரோஜா, மல்லி, தக்காளி, கத்தரி, மிளகாய் இவற்றுக்கெல்லாம் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுச்சந்தில் வைத்த ரோஜாவுக்கு எதைக் கரைத்து ஊற்றினாலும் அது தண்டு நீண்டு மெலியும், பூக்காது. அணைந்த அடுப்பின்மேல் உலை வைத்துவிட்டு அரிசியை மாற்றிப் பார்ப்பது போலத்தான் அது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்துக் கிரானைட் தூளும் நெடுஞ்சாலை லாரிப் புழுதியும் இலைமேல் படிந்து பாலாடை போல் ஒட்டிக்கொள்ளும். சாலையோர வீட்டுச் செம்பருத்தி இலையை விரலால் தேய்த்தால் விரல் சாம்பல் நிறமாகும். அந்த ஆடை வெளிச்சத்தை மறைக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும், செடி தெளிந்துவிடும். காசில்லாத மருந்து இது.

ஆவி போகிற வழி

வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. கேட்டால் வீண் செலவாகத் தோன்றும். மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேற்பரப்பில் கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. கசியாத பானை குளிராது. இலையும் அப்படித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மேலே ஆவி போகப் போக, கீழேயிருந்து தண்ணீர் இழுபட்டு ஏறுகிறது, அதோடு உப்புச் சத்துகளும் ஏறி வருகின்றன. மோட்டார் இல்லாமல் தென்னை உச்சிக்குத் தண்ணீர் ஏறுவது இந்த இழுப்பால்தான்.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. ஆவி போவதும் அந்த வாய் வழியே, அரிசி உள்ளே வருவதும் அதே வாய் வழியே. உச்சி வெயிலில் ஆவி அளவுக்கு மீறிப் போவதை உணர்ந்தால் செடி வாயை மூடிக்கொள்ளும். உடனே அரிசி வரத்தும் நின்றுவிடும். ஆகவே எங்கள் ஊரில் மே மாதப் பகல் ஒரு மணிக்கு எரிகிற அடுப்பில் பாதி வீணாகத்தான் எரிகிறது. அந்தக் கடும் கோடையில் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் மேற்கு வெயிலை மறைத்து ஒரு நிழல்வலை கட்டினால் விளைச்சல் கூடுமே தவிரக் குறையாது.

பகல் ஒரு மணிக்கு வாடித் தெரிகிற செடியைக் கண்டு பதறி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறைய. மாலை ஆறு மணிக்கு அதே செடியைப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் அதற்குத் தண்ணீர் குறையவில்லை, வெயில் நேரத்து ஓய்வு அது. காலையிலும் வாடியே இருந்தால்தான் விஷயம். அப்போதுகூடக் குடத்தை எடுப்பதற்கு முன் விரலை எடுங்கள்.

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். புட்டு மாவு பிசிறுகிறவர்களுக்கு இந்தப் பதம் தெரியும். பிடித்தால் பிடிபட வேண்டும், லேசாக அழுத்தினால் உதிர வேண்டும். பிடிக்கவே வராமல் கொட்டினால் தண்ணீர் ஊற்றுங்கள். அடை மாவு போலக் கையில் ஒட்டினால் குழாய்ப்பக்கமே போகாதீர்கள். நாளுக்கு ஒரு முறை, இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொள்வதைவிட இது நூறு மடங்கு நம்பகமானது, ஏனென்றால் மார்கழிக்கும் பங்குனிக்கும் ஒரே கணக்கு செல்லாது.

புட்டு ஏன் வேகிறது? மாவுத் துகள்களுக்கு நடுவில் ஆவி ஏறுகிற சந்து இருப்பதால். மாவில் தண்ணீர் கூடிவிட்டால் அந்தச் சந்துகள் அடைபட்டு, மேல் மாவு பச்சையாகவே நிற்கும். மண்ணும் அதே கதை. நல்ல மண்ணில் பாதி இடம் துகள், மீதிப் பாதி வெற்றிடம். அதில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. வேரும் உயிருள்ளது, அது மூச்சு விட்டால்தான் தண்ணீரை ஏற்றும் வேலையைச் செய்யும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகர்கிற வேகம் காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணின் சந்தெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால், இருக்கிற ஆக்சிஜனை வேரும் மண் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பின் வேர் தன் கதவை அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும், மேலே ஒரு சொட்டு ஏறாது. பெரியம்மா சொன்ன மூச்சு முட்டல் இதுதான்.

அந்த மழைக்குப்பின் என் தொட்டிச் செடிகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். அடித் துளையில் கம்பி விட்டுக் குத்தினேன். பாதித் துளைகளை வேரும் சேறும் அடைத்திருந்தன. மேல் மண்ணில் அங்கங்கே குச்சியால் ஆழமாகத் துளை போட்டேன். உரம் எதுவும் போடவில்லை. ஒரு செடியை உருவி வேரைப் பார்த்தேன். நல்ல வேர் வெள்ளையாக, முறித்தால் 'டக்'கென்று முறிகிற மாதிரி இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, மேல் தோல் வழுக்கிக்கொண்டு வரும், ஊசிப்போன சோற்று வாடை அடிக்கும். அழுகியதை வெட்டிவிட்டு மேலேயும் அதே அளவுக்குக் கிளையைக் கவாத்து செய்தேன். பாதி வேர் போன செடியால் முழுத் தலையையும் தாங்க முடியாது. பன்னிரண்டு தொட்டியில் ஒன்பது பிழைத்தது.

தண்ணீர் எப்படிப்பட்டது?

வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி, "இங்க பருப்பே வேக மாட்டேங்குதே?" போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் ஐந்து விசில் வந்த பிறகும் முத்து முத்தாக நிற்கும். கேன் தண்ணீரில் மூன்றாவது விசிலுக்கே குழைந்துவிடும். வெந்நீர் போடுகிற அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம். பல் கறைபட்டு, எலும்பு வளைந்து மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. குடிப்பதற்குக் காவிரி வந்தது. செடிக்கு இன்றும் போர் தண்ணீர்தான்.

பருப்பு ஏன் வேகவில்லை என்று தெரிந்துகொண்டால் செடியின் இரண்டு நோய்கள் புரிந்துவிடும்.

பருப்பின் உள்ளறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அது இளகினால்தான் பருப்பு குழையும். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அந்தப் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. ஆக்ராவில் பேட்டா மிட்டாய் செய்கிறவர்கள் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் இதற்காகத்தான், பாகில் கொதித்தாலும் துண்டு கரையாமல் நிற்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் தக்காளியின் சதையைத் தாங்கி நிற்பதும் இதே கால்சியம், இதே பசை. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து, குழிந்து, தோல் போல் காய்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி கடித்ததாகச் சிலர் நினைப்பார்கள். கால்சியம் போய்ச் சேராததால் பசை விட்டுப்போன இடம் அது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். எங்கள் ஊர்த் தொட்டியில் முட்டை ஓட்டுக்கு வேலையே இல்லை, தண்ணீரோடு தினமும் கால்சியத்தைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பிறகு ஏன் காய்க்குக் கிடைக்கவில்லை? கால்சியம் தானாக நடக்காது, ஏறுகிற தண்ணீரோடு மட்டுமே போகும். ஆவி அதிகம் போகிற இலைப்பக்கம் தண்ணீர் ஓடும், காய்ப்பக்கம் மெதுவாகத்தான் வரும். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த மெல்லிய வரத்தும் அறுந்துவிடுகிறது. மண்ணின்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்பி, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அடுத்து வரும் காய்கள் நன்றாக வரும். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

இரண்டாவது நோய் இன்னும் வினோதம். எங்கள் மண் செம்மண். அந்தச் சிவப்பே இரும்பின் துரு நிறம்தான். தொட்டி நிறைய இரும்பை வைத்துக்கொண்டு செம்பருத்தி இரும்புப் பற்றாக்குறையால் வெளிறுகிறது. நுனிக் கொழுந்து எலுமிச்சை மஞ்சளாகிவிடும், இலை நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும், பார்க்க வலை பின்னியது போல் இருக்கும்.

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். களிம்பு தண்ணீரில் கரையாது, புளிப்புப் பட்டால் கரைந்து வரும். மண்ணில் துருவாகக் கிடக்கும் இரும்பும் அப்படியே. வேர் தன் நுனியிலிருந்து கொஞ்சம் புளிப்பைக் கசியவிட்டு, அதைக் கரைத்துத்தான் உள்ளே இழுக்கிறது. மண்ணின் கார-அமில நிலை ஒரு படி காரப்பக்கம் ஏறினால் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. ஆப்பசோடாவும் ஒரு பைகார்பனேட்தான். வேர் புளி தேய்க்கத் தேய்க்க நாம் மேலே ஆப்பசோடாக் கரைசலை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். குடம் எப்படித் துலங்கும்?

இதற்கு முதல் மருந்து மழைத்தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்றும் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்து, கொசு புகாமல் துணி கட்டி மூடிவிடுங்கள். ஏசி வைத்திருக்கிற வீட்டில் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்பில்லாத தண்ணீர்தான், தொட்டிச் செடிக்கு அருமையாக ஒத்துக்கொள்ளும். இரண்டாவது மருந்து மக்கு எரு. மக்கிய பொருளிலிருந்து வரும் சாறு இரும்பைக் கைப்பிடித்துக்கொண்டு, துருவாகிவிடாமல் வேர்வரை கூட்டிப் போகிறது. உடனடி நிவாரணத்துக்கு உரக்கடையில் அன்னபேதி உப்பு கேளுங்கள். ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் ஐந்து கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, அவ்வளவுதான். கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு கொழுந்து நனையத் தெளிக்க வேண்டும். தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும், தொட்டியை வெளியே எடுத்துவைத்துத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்ததில் என் செம்பருத்தியின் அடுத்த கொழுந்து பச்சையாக வந்தது. வெளிறிய பழைய இலைகளில் சில தேறின, சில தேறவில்லை.

மஞ்சள் இலையைப் பார்த்ததும் எல்லாரும் யூரியா என்பார்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் செடி அடியிலுள்ள மூத்த இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். பற்றாக்குறை வீட்டில் அம்மா தன் தட்டுச் சோற்றைப் பிள்ளைகளுக்குப் போடுவது போல. அதனால் அடி இலை முழுதாக வெளுக்கும், கொழுந்து பச்சையாக இருக்கும். இரும்பு அப்படி நகராது. ஒரு முறை ஓர் இலையில் சேர்ந்தால் அடிப்பிடித்த மாதிரி அங்கேயே கிடக்கும். ஆகவே இரும்பு குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி உரச்செலவு மிச்சம். முழு விவரம் வேண்டுமென்றால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பதே முறை. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

வடுமாங்காயும் ஒரு கைப்பிடி உரமும்

கிருஷ்ணகிரி என்ற மாங்காய் மாவட்டத்தில் இருந்துகொண்டு வடு போடாத வீடு குறைவு. உப்பில் புரட்டிய வடுமாங்காய் மறுநாள் காலையில் சுருங்கி, ஜாடி அடியில் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டோம். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு, அதனால் காயின் தண்ணீர் உப்பைத் தேடி வெளியே வந்துவிட்டது.

சந்தூர் மா நாற்றுக்குப் பேர் போன ஊர், எங்களுக்குப் பக்கம். அங்கே வாங்கிய செந்தூரா ஒட்டுக்கன்று ஒன்றைப் பெரிய சிமெண்ட் தொட்டியில் நட்டேன். நன்றாகத் துளிர்த்தது. இன்னும் வேகமாக வரட்டுமே என்று ஒரு கைப்பிடி காம்ப்ளெக்ஸ் உரத்தை அடியோரமாகத் தூவி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலை இலை ஓரமெல்லாம் அப்பளம் தீய்ந்த நிறம். வேரைச் சுற்றி நானே ஊறுகாய் போட்டிருந்தேன். மண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது வேருக்குள் போகாமல் வேரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. தொட்டியில் கூடினால் ஒரே வழி, தொட்டி கொள்கிற அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியே உப்பை வெளியேற்றுவது. அதைத் தாமதமாகச் செய்தேன், கன்று போய்விட்டது.

அதன்பிறகு காய்ந்த மண்ணில் உரம் போடுவதில்லை. முந்தின நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் பத்து அங்குலத் தொட்டிக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போகாமல், தண்டை விட்டுத் தள்ளித் தூவுகிறேன். கடலைப் புண்ணாக்கு என்றால் ஒரு கைப்பிடியை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். உரமே போடாத தொட்டியிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுவும் மெல்ல ஊறுகாய் ஜாடி ஆகிக்கொண்டிருக்கிறது. மழைத்தண்ணீரால் மாதம் ஒரு முறை அலசிவிடுங்கள்.

மாவு புளிக்கிற மாதிரி

மக்கு எருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், தோசை மாவு புளிக்கவைத்தவர்கள் யாரும் அதைச் செய்துவிடலாம். நாம் புளிக்கவைப்பதில்லை, நுண்ணுயிர் புளிக்கவைக்கிறது. அதற்குச் சூடும் ஈரமும் தோதாக அமைத்துக் கொடுக்கிறோம். ஓசூரில், தளியில் மார்கழியில் மாவு மறுநாள் மதியம்வரை பொங்காது, ஊத்தங்கரையில் விடிவதற்குள் வழிந்துவிடும். எருவும் அப்படியே, எங்கள் சூட்டில் சீக்கிரம் மக்கும். காய்கறித் தோல் ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. பச்சை கூடினால் அழுகி நாறும், சருகு கூடினால் அப்படியே கிடக்கும். முட்டை வாடை அடித்தால் காற்றுப் போதவில்லை, கிளறிவிட்டுச் சருகு சேருங்கள். காட்டு மண் வாசம் வந்தால் ஆகிவிட்டது.

ஓசூர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே மேட்டு நிலம், குளிர்ந்த காற்று, ரோஜாவுக்கென்றே அமைந்த ஊர். வழியில் நர்சரியில் பார்த்து மயங்கி வாங்கி வருகிற ரோஜாச் செடி இங்கே வந்ததும் இலை கொட்டும். ஒரு வாரம் மர நிழலில் வைத்து, பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்குங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள்.

சர்க்கரை டப்பாவும் எறும்பும்

செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். எறும்புக்கு அது மூடாத சர்க்கரை டப்பா. அதனால் அந்தப் பூச்சியை எதிரிகளிடமிருந்து எறும்பு காவல் காக்கிறது. எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. தொட்டிக் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நம் பாட்டிமார் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்ததுதான். பிறகு பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய் கலந்து தெளியுங்கள். எண்ணெய் தனியாகத் தண்ணீரில் கலக்காது. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குச் சோப்பு போடுவதுபோல் இதிலும் சில துளி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் பால் மாதிரி கலந்து வரும்.

கடையில் கிடைக்கிற கடுமையான மருந்தை நான் அடிக்காததற்குக் காரணம் ஒரு குளவி. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாக இந்தியாவில் தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. தமிழ்நாடு முழுக்கப் பப்பாளித் தோட்டங்கள் வெள்ளையாகி வெட்டி எறியப்பட்டன. எவ்வளவு மருந்தடித்தும் நிற்கவில்லை. அதன் சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்தது அசெரோபேகஸ் பப்பாயே என்ற, கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. 2010-இல் பெங்களூரு பூச்சியியல் நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை வரவழைத்துப் பெருக்க, வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தோட்டங்களில் விட்டது. குளவி பூச்சிக்குள் முட்டையிடும், அதன் புழு பூச்சியை உள்ளிருந்து தின்று தீர்க்கும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. மருந்தடித்திருந்த தோட்டத்தில் குளவியும் சேர்ந்து செத்தது. இலையடியில் காய்ந்து பழுப்பேறி, ஓட்டை விழுந்த பூச்சிக்கூடு தெரிந்தால் குளவி உங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள், கூடவே அலைகிற பொறிவண்டையும் விரட்டாதீர்கள்.

கறிவேப்பிலை மரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாய்க்கால் கிழித்த பிறகும் அது தேறவில்லை. பொங்கலுக்குள் இலை முழுக்க உதிர்ந்து, கிளை சுள்ளியாகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று அரிவாளோடு போனபோது பெரியம்மா தடுத்தார்கள்.

"கறிவேப்பில வேர்ல குட்டி விடும் கண்ணு. கோடை மழை வரைக்கும் பொறு."

மாசி கடைசியில் அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, மேடான பக்கத்தில், கருஞ்சிவப்பாக ஒரு முளை வந்தது. வெள்ளம் நிற்காத பக்கத்து வேர் பிழைத்திருக்கிறது. இப்போது முழங்கால் உயரம். சுற்றிலும் சருகு பரப்பியிருக்கிறேன், மேற்குப்பக்கம் இரண்டு தென்னை ஓலையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். தாளிப்புக்கு அதிலிருந்து இன்னும் ஓர் இலைகூடக் கிள்ளவில்லை. இன்று காலை மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன், பிடித்தது, உதிர்ந்தது. தண்ணீர் நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.